பதினொரு மணிக்கு நான் எழுதிய ஒரு வரி

ஓய்வூதியர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் மூன்று முறை ஃபோன் செய்துவிட்டார். போன மலரை எடுத்துப் படித்துப் பார்த்தேன். ஒருவர் பாலம் கட்டியிருக்கிறார். ஒருவர் மலையிலிருந்து குடிநீரை இறக்கிக் கொண்டுவந்திருக்கிறார். இன்னொருவர் வெள்ளத்தில் நீந்திப் போய் மதகைத் திறந்திருக்கிறார். எனக்குத் தெரிந்து அவர் ஸ்டோர் கீப்பராக இருந்தவர், மழை வந்தால் குடையோடு சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்பவர். இருக்கட்டும். நான் முப்பத்து நான்கு வருடம் ரோட்டில் கோடு போட்டேன். கடைசி ஆறு மாதத்தில் ஒரு கோட்டை அழிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன். மலரைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது.

வேலை கற்ற கதையை நீட்ட வேண்டியதில்லை. தினக்கூலியாகச் சேர்ந்தேன். இரண்டு வருடம் சுண்ணாம்பு வாளி தூக்கினேன். மூன்று வருடம் நூலின் ஒரு முனையைப் பிடித்தேன். பிறகு மறுமுனைக்கு உயர்ந்தேன், அந்த முனையைப் பிடிப்பவர்தான் மேஸ்திரி. அங்கிருந்து ஒர்க் இன்ஸ்பெக்டர். கோயமுத்தூரில் பாதிப் பேருக்கு என் பெயர் சின்னராசு என்பது தெரியாது, கோட்டுக்காரர் என்றால் தெரியும். கல்யாணப் பத்திரிகையில்கூட ஒரு கான்ட்ராக்டர் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்.

கோடு போடுவது சும்மா இழுத்துக்கொண்டு போகிற வேலை என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். முதலில் ரோட்டைப் பெருக்க வேண்டும். வீடு பெருக்குகிற மாதிரி அல்ல, தூசி ஒரு சிட்டிகை இருந்தாலும் கோடு ஆறு மாதத்தில் அப்பளமாக உரிந்துவிடும். பிறகு சுண்ணாம்பு தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் ஒருவன் தூக்கித் தட்டுவான். தரையில் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். அதன் மேல்தான் அசல் கோடு. பெயிண்ட் பொடியைப் பாய்லரில் கொட்டி உருக்குவோம். கிளறுகிற கம்பியைத் தூக்கினால் இழை அறாமல் ஒழுக வேண்டும், மைசூர்பாகுக்காரர்களுக்கு இந்தப் பதம் புரியும். சூடாக அது தரையில் விழுந்து ஆடை கட்டுவதற்குள் ரவை மாதிரி இருக்கிற கண்ணாடி மணிகளைத் தூவ வேண்டும். முந்தினால் முழுகிவிடும், பிந்தினால் ஒட்டாது. அந்த மணிகள்தான் விளக்கு வெளிச்சம் பட்டால் மினுங்குபவை. கடைசிவரை மணி தூவுகிற வேலையை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. கொஞ்சம் கர்வம்தான்.

உதவிப் பொறியாளர் கலாமணி மேடம் எங்கள் பிரிவுக்கு வந்தபோது எனக்குச் சர்வீஸ் நான்கைந்து வருடம் பாக்கி. கொடுமுடிக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கைப்பையில் சீப்பு இருக்குமோ இருக்காதோ, டேப் இருக்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சாதாரண நாளில் என்னைச் சின்னராசண்ணா என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடும். "ஏனுங்க இன்ஸ்பெக்டர் சாருங்க" என்று கூப்பிட்டார் என்றால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு தொண்டையில் இறங்காது.

எந்த அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தாலும் அவர் முதலில் படிக்கமாட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்பார். எங்கே நின்று பார்த்தீர்கள், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், அப்போது யார் போனார்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால்தான் ஃபைல் திறக்கும். ஆரம்பத்தில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. சாக்கடை அடைப்புக்குக்கூட அப்போது யார் போனார்கள் என்று கேட்பாரா என்று கேலி பேசினோம். கேட்டார்.

அவர் காலத்தில்தான் மூணு கம்பெனி ரோட்டில் சைக்கிள் பாதை வந்தது. அவிநாசி ரோட்டிலிருந்து பிரிந்து காந்திபுரம் பக்கம் போகிற ரோடு அது. பெயர்தான் மூணு கம்பெனி. ஒரு கம்பெனி கல்யாண மண்டபமாகிவிட்டது, ஒன்று அடுக்குமாடி ஆகிவிட்டது, மோட்டார் பம்பு செய்கிற ஒன்றுதான் மிச்சம். ரோட்டின் இரண்டு ஓரத்திலும் ஒன்றரை மீட்டருக்குப் பச்சைப் பூச்சு, அதன் விளிம்பில் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு வெளியே பஸ்ஸும் லாரியும், உள்ளே சைக்கிள். கண்ணாடி மணி முழுக்க என் கையால் தூவியது.

இரண்டு வருடம் போனது. ரோட்டுக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு மனு கொடுத்தார்கள். முதல் கையெழுத்து டைல்ஸ் கடை நாச்சிமுத்து அண்ணன். நல்ல மனிதர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர். ஆனால் அவர் கடைக்குக் காரில் வருகிறவர்கள் நிறுத்த இடமில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். சைக்கிள் பாதையில் சைக்கிளே போவதில்லை, அதை அழித்துவிட்டு வண்டி நிறுத்தும் இடமாக்க வேண்டும் என்று மனு. நேரில் பார்த்து அறிக்கை கொடு என்று அது என்னிடம் வந்தது. மேடம் அப்போது ஒரு மாதப் பயிற்சிக்குச் சென்னை போயிருந்தார். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆபீசில் நேரில் பார்ப்பது என்றால் பதினொரு மணி. யாரும் சட்டம் போடவில்லை. பத்து மணிக்குக் கையெழுத்து, அப்புறம் டீ, அப்புறம் வண்டிச் சாவி தேடுவது, கிளம்பினால் போய்ச் சேரப் பதினொன்று ஆகிவிடும். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் பதினொரு மணிக்குத்தான் போனார்கள். இந்த ஊரில் எத்தனையோ முடிவுகள் பதினொரு மணி வெயிலில் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து எடுக்கப்பட்டவை.

நானும் போனேன். நாச்சிமுத்து அண்ணன் கடை வாசலில் ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டார். காபி வந்தது, தேங்காய் பன் வந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து நேர்மையாக எண்ணினேன். இரண்டே சைக்கிள். ஒன்றில் கேஸ் சிலிண்டர் போனது. இன்னொன்றை ஒருவர் பஞ்சராகித் தள்ளிக்கொண்டு போனார், அதைப் பயன்பாடு என்று சொல்லலாமா என்று எனக்கே சந்தேகம். ஆபீசுக்கு வந்து எழுதினேன். "மேற்படி சைக்கிள் பாதை பொதுமக்கள் பயன்பாட்டில் இல்லை." ஒரே வரி. கையெழுத்து அழகாக வந்திருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஃபைல் மேலே ஏறி, பாதையை அகற்றலாம் என்ற உத்தரவோடு இறங்கி வந்தது. நான் எழுதிய எந்த வரிக்கும் அவ்வளவு சீக்கிரம் மரியாதை கிடைத்ததில்லை.

அகற்றுவதற்கு முன் ஏழு நாள் நோட்டீஸ் ஒட்ட வேண்டும், ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் வாங்கிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதுவும் என் வேலை. பம்பு கம்பெனி மதில் மேல் நான் பசை தடவிக்கொண்டிருந்தபோது மத்தியானம் மூன்றரை இருக்கும். ஒரு அம்மா சைக்கிளை நிறுத்தி இறங்கினார். ஐம்பதுக்குப் பக்கத்து வயது, லேடீஸ் சைக்கிள், கேரியரில் சாப்பாட்டுத் தூக்குப்போசி. பெயர் பாவாத்தாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். காந்திபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் வேலை.

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுமாம், ஆனால் இது பெரிய தமிழாக இருக்கிறதாம். பாதையை அழித்துவிட்டுக் கார் நிறுத்தப் போகிறார்கள் என்று சிறிய தமிழில் சொன்னேன். 

"ஏனுங்க, பச்சைய வேணா அழிச்சுக்குங்க. அந்தக் கோட்ட மட்டும் உட்டுப்போடுங்க."

கோடு எதற்கு என்று கேட்டேன்.

"எனக்கு எடது கண்ணு தெரியாதுங்க. சின்னதுல அம்மை போட்டப்பப் போயிருச்சு. இந்தக் கோடு சோத்தாங்கைப் பக்கமா வருதுங்களா, அதையே பாத்துட்டுப் போனேன்னா ஆஸ்டல் வந்துருமுங்க. கோடு வந்த பொறகுதானுங்க நான் சைக்கிளே பழகுனேன்."

விடியற்காலை ஐந்தரைக்கு அவர் அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். முதல் பஸ் அதற்குப் பிறகுதான் வரும். முன்பெல்லாம் நான்கு மணிக்கே கிளம்பி நடப்பாராம். முழங்கால் ஒத்துழைக்காமல் தாமதமாகி, இதற்கு முன்னால் வேலை பார்த்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு மொபெட் ஓட்ட லைசென்ஸ் கிடைக்கவில்லை. இதையெல்லாம் அவர் புகாராகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னார்.

எழுதித் தருகிறீர்களா, பதிவேட்டில் ஏற்றிக்கொள்கிறேன் என்றேன். அவர் பதறிவிட்டார்.

"எழுதிக் குடுத்தா உங்களுக்குச் சங்கடமாப் போயிருமுங்க. நீங்க சொன்ன வேலையத்தான செய்யறீங்க. ஆகட்டுங்க, வாரேனுங்க."

போய்விட்டார். ஏழு நாளும் இதே கதைதான். அந்த ரோட்டில் யாரிடம் கேட்டாலும் ஆகட்டுங்க என்றார்கள். மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் முறுக்குக்கூடக் கட்டிக் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் வாசலுக்கு வந்தவனிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். இது எனக்குத் தெரியாததல்ல, நானும் இந்த ஊர்க்காரன்தான், என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் நானே மூன்று தடவை ஆகட்டுங்க என்று சொல்லித்தான் அனுப்பினேன். ஆனால் பதிவேட்டில் உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது. மோருக்குக் கட்டம் இல்லை. "ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை" என்று எழுதிவிட்டேன். எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது உண்மை.

எட்டாம் நாள் மேடம் பயிற்சி முடிந்து வந்தார். ஃபைல் அவர் மேசையில் இருந்தது. என்னைக் கூப்பிட்டனுப்பினார். பேனா மூடியிருந்தது.

"ஏனுங்க இன்ஸ்பெக்டர் சாருங்க. எங்க நின்னுங்க பாத்தீங்க?"

நாச்சிமுத்து அண்ணன் கடையில் என்றேன். நின்றேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"எத்தன மணிக்குங்க?"

பதினொன்று என்றேன்.

மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவே இல்லை. ஃபைலை மூடி என் பக்கம் தள்ளிவைத்தார். "உத்தரவு வந்துருச்சுங்க. நீங்க எழுதுனதுதானுங்க, நீங்களே பாத்துக்குங்க" என்றார். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் அவரைத் திருப்பித் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். அதற்கு வழியில்லாமல் செய்துவிட்டார்.

ரிட்டயர் ஆக ஐந்து மாதம் பாக்கி. நண்பர்கள் எல்லோரும் ஒரே புத்திதான் சொன்னார்கள். எழுதினது எழுதினதாக இருக்கட்டும், தப்பு என்று எழுதிக் கொடுத்தால் மெமோ வரும், மெமோ வந்தால் விசாரணை, விசாரணை முடியாமல் ஓய்வுப் பலன் எதுவும் நகராது, மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இது தேவையா என்றார்கள். எனக்கும் பயம்தான். வீரம் இருந்திருந்தால் நான் எதற்குக் கோடு போடப் போகிறேன், பாலம் கட்டியிருப்பேனே.

அழிக்கிற நாள் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் கோடு சுரண்டும் மெஷினோடு போய் இறங்கினோம். இறங்கினால் பாதையைக் காணோம். கம்பெனி கேட்டிலிருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் பச்சைப் பூச்சு மேல் வரிசையாகச் சைக்கிள். ஸ்டாண்டு போட்டு, பூட்டுப் போட்டு, ஒன்றோடு ஒன்று உரசாமல் சீராக நிறுத்தியிருந்தார்கள். பம்பு கம்பெனி ஷிஃப்ட் ஆட்களுடையது, மாவு விற்கிறவருடையது, பேப்பர் போடுகிறவருடையது, டியூஷன் பிள்ளைகளுடையது. ஒரு பூக்கார அம்மா கூடையோடு நிறுத்தியிருந்தார், கூடையில் பூ இருந்தது. எதிர்ப்பு என்று எழுதிய ஒரு அட்டை இல்லை. கோஷம் இல்லை. வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு டயர்கூட ஏறியிருக்கவில்லை. அதைப் பார்த்து எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது, அன்றைக்கு அது வரக்கூடாத சந்தோஷம்.

கம்பெனி வாட்ச்மேன் ஆறுச்சாமி ஐயா எங்களுக்காகவே காத்திருந்த மாதிரி வந்தார். எழுபது வயது, சட்டைப் பித்தான் கழுத்துவரை போட்டிருந்தார். ஆட்களுக்கு நாற்காலி எடுத்துவரச் சொன்னார். வேலையை ஆரம்பியுங்கள், யாரும் தடுக்கவில்லை, சைக்கிளை மட்டும் நகர்த்திக்கொள்ளுங்கள் என்றார். சாவி எங்கே என்று கேட்டேன். சாவி ஆட்களிடம் இருக்கிறது, ஆட்கள் ஷிஃப்டில் இருக்கிறார்கள், சாயங்காலம் ஐந்துக்கு வருவார்கள், அதுவரை டீ சாப்பிடுங்கள் என்றார். பூட்டை உடைக்க எங்களுக்கு அதிகாரமில்லை. ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனித்தனியாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும், சைக்கிளுக்கு ஏது நம்பர் பிளேட்.

இவ்வளவு சைக்கிளை ஏன் இங்கே கொண்டுவந்து நிறுத்தினீர்கள் என்று கொஞ்சம் விறைப்பாகவே கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மதிலில் நான் ஒட்டிய நோட்டீசைக் காட்டினார்.

"நீங்கதானுங்க போட்டிருக்கறீங்க, இதுல யாரும் சைக்கிள் ஓட்டறதில்லைன்னு. செரி, ஓட்டாத எடத்துல நிறுத்தி வெச்சா யாருக்கும் எடஞ்சல் இல்லையேன்னு எல்லாத்தையும் ஒட்டுக்கா நிறுத்திப்போட்டோமுங்க."

மெஷின்காரப் பையன்கள் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றார்கள். தோள் குலுங்கியது. நாச்சிமுத்து அண்ணன் கடையிலிருந்து எங்களுக்கு டீ வந்தது, வாட்ச்மேன் ஐயாவுக்கும் சேர்த்தே வந்தது. வரிசையில் முதலில் நின்ற ஐந்து சைக்கிள் நாச்சிமுத்து அண்ணன் கடையில் டைல்ஸ் இறக்குகிற ஆட்களுடையது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இருவரும் டீயைப் பற்றிப் பேசினோம்.

பதினொரு மணிக்கு மெஷின் திரும்பிப் போனது. செவ்வாய்க்கிழமை போலீஸ் துணையோடு வருவது என்று மேலே முடிவானது. நான் அந்த வரிசையை ஒருமுறை நடந்து பார்த்தேன். கேரியரில் தூக்குப்போசி கட்டிய லேடீஸ் சைக்கிள் அதில் இல்லை. எப்படி இருக்கும். அதை இங்கே நிறுத்திவிட்டுப் பாவாத்தாள் எதில் போய் அடுப்புப் பற்ற வைப்பார். மற்றவர்களால் பூட்டிவிட்டு நிற்க முடிந்தது, அவரால் அதுவும் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை கோடு போனால் புதன்கிழமை அவர் மறுபடி நான்கு மணிக்கு நடக்க வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். அந்தக் கோட்டைப் போட்டவனும் நான், அழிக்க வழி செய்தவனும் நான்.

சனிக்கிழமை விடியற்காலை பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். முப்பத்து நான்கு வருடம் கோடு போட்டிருக்கிறேன், ஒரு கோட்டுக்குள் ஒரு நாள் சைக்கிள் ஓட்டியதில்லை. ஏறின பிறகுதான் தொப்பை எவ்வளவு பெரிது என்று தெரிந்தது, முட்டி ஒவ்வொரு சுற்றிலும் வந்து அதை விசாரித்துவிட்டுப் போனது. ஐந்தேகாலுக்கு மூணு கம்பெனி ரோட்டு முனையில் நின்றேன். பாவாத்தாள் வந்தார். பின்னாலேயே போனேன்.

காய்கறி லாரி ஒன்று என் முழங்கையில் காற்றடிக்கிற மாதிரி உரசிக்கொண்டு போனது. ஹேண்டில் ஆடி, கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டேன். முன்னால் போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் சக்கரம் தடுமாறுகிற சத்தத்தைக் கேட்டே சொன்னார்.

"கோட்டுக்கு இக்கட்டால வந்துருங்க. உள்ள வந்துட்டா ஒண்ணும் ஆகாதுங்க."

வந்தேன். அவர் சைக்கிளின் டைனமோ விளக்கு லேசாக ஆடிக்கொண்டே போனது. அது ஆடுகிற இடமெல்லாம் கோட்டில் மணிகள் மினுங்கின. நான் தூவினவை. இரண்டு வருடத்துக்குப் பிறகும் ஒன்றும் உதிரவில்லை. அந்த மினுக்கலை ஒரு முழத் தூரத்தில் வலது பக்கம் வைத்துக்கொண்டு, இடது பக்கம் என்ன இருக்கிறது என்பதே தெரியாமல், ஒரு பெண் நிம்மதியாக வேலைக்குப் போனார். நான் போட்ட கோட்டை ஒருவர் நம்பிப் போவதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.  

அவரை விட்டுவிட்டுத் திரும்பி வந்து கம்பெனி கேட்டில் நின்று எண்ணினேன். பேப்பர், பால், மாவு, பூ, ஷிஃப்ட் ஆட்கள். ஏழரை மணிக்குள் நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. பதினொரு மணி வரைக்கும் நின்றேன். எல்லோரும் போய்ச் சேர்ந்து, ரோடு காலியாகி, ஒரே ஒரு கேஸ் சிலிண்டர் சைக்கிள் போனது. அதே ஆள். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அறிக்கை எழுத உட்கார்ந்தால் மாதிரி கிடைக்கவில்லை. எங்கள் ஆபீசில் எதற்கும் மாதிரி இருக்கும். நாய் கடித்தால் எப்படி எழுதுவது, ரோலர் காணாமல் போனால் எப்படி எழுதுவது, எல்லாம் இருக்கிறது. நான் எழுதியது தப்பு என்று எப்படி எழுதுவது என்பதற்கு மட்டும் ஒரு பழைய ஃபைல்கூட இல்லை. செக்‌ஷன் கிளார்க் பீரோவையே கவிழ்த்துவிட்டு, இதுவரை யாரும் எழுதவில்லை சார் என்றார். சூழ்நிலை மாற்றத்தின் காரணமாகவும், புதிய தகவல்கள் கிடைக்கப்பெற்றமையாலும் என்று ஒரு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். சனிக்கிழமை என்றாலும் மேடம் ஆபீசில் இருந்தார். பேனா மூடியிருந்தது. மூன்று கேள்வியும் கேட்டார்.

"சைக்கிள்ல உக்காந்து பாத்தனுங்க" என்றேன். "அஞ்சே காலுக்குங்க." யார் போனார்கள் என்பதற்கு நோட்டை நீட்டினேன்.

அவர் பேனாவைத் திறந்து முதல் பக்கம் முழுவதையும் குறுக்காக அடித்தார். மிஞ்சியது இவ்வளவுதான்: "மேற்படி சாலை குறித்து நான் முன்பு அளித்த அறிக்கை தவறு. அதைப் பதினொரு மணிக்குக் கடையில் உட்கார்ந்து பார்த்து எழுதினேன். காலை ஐந்தேகால் முதல் பார்த்ததில் பாதை பயன்பாட்டில் உள்ளது. கோடு அவசியம்." கையெழுத்துப் போட்டேன். இது அழகாக வரவில்லை.

மேடம் அதில் உடனே கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமைதான் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அவரும் ஐந்து மணிக்கு டேப்போடு போய் நின்றிருந்தார் என்று வாட்ச்மேன் ஐயா பிற்பாடு சொன்னார்.

ஒரே இன்ஸ்பெக்டர் ஒரே ரோட்டைப் பற்றி நேர்மாறாக இரண்டு அறிக்கை கொடுத்தால் ஃபைல் நகராது. பெரிய பொறியாளரே நேரில் பார்க்க வேண்டியதாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை, அழிக்க வேண்டிய அதே நாள், விடிவதற்கு முன்னால் ஜீப்பில் வந்தார். டிரைவர் பழக்க தோஷத்தில் ஜீப்பைச் சைக்கிள் பாதையில் நிறுத்திவிட்டார். பின்னால் சைக்கிள்கள் சேர ஆரம்பித்தன. யாரும் மணி அடிக்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கல்யாண மண்டபம் வரைக்கும் வரிசை போனது. கடைசியில் மாவுக்காரர் மட்டும் இறங்கி வந்து, வண்டியைச் சித்த அக்கட்டால எடுத்தால் புண்ணியமாகப் போகும் என்று டிரைவரிடம் கும்பிட்டுக் கேட்டார். பெரிய பொறியாளர் அந்த வரிசையை முன்னும் பின்னும் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜீப்பை எடுக்கச் சொன்னார். 

அழிக்கும் உத்தரவு ரத்தானது. நாச்சிமுத்து அண்ணன் மண்டபத்துக் காலியிடத்தில் கார் நிறுத்தப் பேசி முடித்தார். முகூர்த்த நாளில் மட்டும் கஷ்டம், அன்றைக்கு அவரும் கல்யாணத்துக்குப் போய்விடுவார்.

எனக்கு மெமோ வந்தது. நண்பர்கள் சொன்னது பலித்தது. இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, முன்னுக்குப் பின் முரணாக அறிக்கை அளித்தது. அதை ஒப்புக்கொண்டேன். இரண்டாவது, முன் அனுமதியின்றி அலுவலக நேரத்துக்கு வெளியே ஆய்வு செய்தது. அதைப் படித்துவிட்டு மேடம் முதல் தடவையாக என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார். பதில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் தூக்கமில்லை. கடைசியில் எச்சரிக்கையோடு முடித்து, அதைப் பணிப்பதிவேட்டில் ஏற்றினார்கள். பணப்பலன் எதுவும் நிற்கவில்லை, மகள் கல்யாணமும் அதே மண்டபத்தில் நடந்தது. பிரிவு உபசார விழாவில் வெளியூரிலிருந்து வந்த ஒரு அதிகாரி, மாசு மருவற்ற பணிப்பதிவேடு என்று என்னைப் புகழ்ந்தார். விஷயம் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. அந்த எச்சரிக்கையின் நகலை நான் லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். என் சர்வீசில் என்னைப் பற்றி எழுதப்பட்டதில் முழுக்க உண்மையானது அது ஒன்றுதான்.

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தேகாலுக்கு மூணு கம்பெனி ரோட்டு நடைபாதையில் நடக்கிறேன். கோட்டை ஒருமுறை புதுப்பித்தார்கள். மணி கொஞ்சம் முந்தித் தூவிவிட்டார்கள், சொல்லவில்லை. பாவாத்தாள் தினமும் என்னைத் தாண்டிப் போகிறார். உத்தரவு எப்படி நின்றது, யார் என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. நான் நடக்கிற நடைபாதை அவருக்கு இடது பக்கம், அதனால் நான் அங்கே இருப்பதும் தெரியாது. எத்தனையோ நாள் கூப்பிட வாய் வந்திருக்கிறது. கூப்பிட்டால் திரும்புவார். திரும்பினால் கோட்டிலிருந்து கண் விலகிவிடும். அவர் காந்திபுரம் பக்கம் போய் மறைகிற வரைக்கும் நின்றுவிட்டு, பிறகு நடக்கிறேன்.